மோர்கோவின் உடைந்த பல்

முதலாளி சரவணக்குமார் போனை மேஜைமேல் வைத்துத் தள்ளினார். அது வழுக்கி வந்து தேவிப்ரியாவின் டீ கிளாசை இடித்து நின்றது.

"பாருங்க. பெருசு பண்ணிப் பாருங்க."

ஏதோ ஒரு டோல்கேட் வரிசையில், பின்னால் நின்ற காரிலிருந்து யாரோ எடுத்த படம். லாரியின் பின்கதவு முழுக்க ஒரு முகம். பிதுங்கிய கண்கள், கன்னம் வரை முறுக்கிய மீசை, பிளந்த வாய். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக நின்றது. வலது கோரைப்பல் பாதியோடு உடைந்திருந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது லாரிகளில் வரையும் இன்னொரு திருஷ்டி பூதம். தேவிப்ரியாவுக்கு மட்டும் அதன் பேர் தெரிந்தது.

மோர்கோ!

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோவுக்கு, மோர்கோதான் ஒரு வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். 'ஹார்பர் கிங்ஸ்' என்று முப்பது வருஷத்துக்கு முந்தைய சண்டை விளையாட்டு. காசு போட்டால் ஆடும் மெஷின்களில் வந்தது. துறைமுகத்துக் கூலிகள் ஒருவரையொருவர் புரட்டி எடுக்கும் கதை. அந்தக் கூலிகளில் ஒருவன் மோர்கோ. அதை இன்றைய பெரிய டிவிகளுக்குத் தகுந்த மாதிரி எச்.டி.யில் புதிதாக வரைந்து தரவேண்டும். கம்பெனி வெளிநாட்டில், கை இங்கே. பழைய படத்தை அடியில் நிழல் மாதிரி வைத்துக்கொண்டு மேலே புதுக்கோடு போடுவார்கள். குத்து கிளம்பும் நேரம், உதைத்த கால் திரும்பும் நேரம், எதுவும் இம்மிகூட மாறக்கூடாது. மாறினால் பழைய ஆட்டக்காரர்கள் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

ஆனால் முகம்? பழைய படத்தில் முகம் என்று ஒன்று கிடையாது. தோல் நிறத்தில் சில சதுரங்கள், கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி, வாய்க்குச் சிவப்பாக ஒரு தீற்றல். அன்றைக்கு அது போதும். மிச்சத்தை ஆடுகிறவன் தன் மண்டைக்குள் வரைந்துகொண்டான். இன்றைக்கு மயிர்க்கால் வரை தெரியவேண்டும். அந்தச் சதுரங்களுக்குள் என்ன இருந்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கம்பெனி எழுதிவிட்டது. மோர்கோவின் சதுரங்களுக்குள்ளிருந்து இந்த முகத்தை இழுத்து வெளியே போட்டவன் இளஞ்செழியன். உடைந்த பல்லைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். அறிமுகப் போஸ்டரே அந்தப் பல்தான் என்றார்கள். போஸ்டர் வெளியாகும்வரை ஒரு கோடுகூட ஸ்டூடியோ வாசலைத் தாண்டக்கூடாது என்பது ஒப்பந்தம்.

தாண்டி, லாரியில் ஏறி, டோல்கேட்டில் நின்றுகொண்டிருக்கிறது.

"காலையில மெயில் வந்துச்சுங்க. படம் எப்படி வெளிய போச்சுன்னு கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லோணும்" என்றார் சரவணக்குமார். குரலில் பதற்றமே இல்லை. "வெளிய விட்டவனைக் கண்டுபிடிச்சோம், ஆளை அனுப்பிட்டோம். இப்படிப் போட்டா வேலை நம்மகிட்டயே நிக்கும். வரையற பொறுப்பு உங்களுது. அதனால கீழ உங்க பேரு வேணும்."

"யாரை அனுப்பிட்டோம்னு போடறதுங்க?"

"வரைஞ்சவன் யாரு?"

இளஞ்செழியனைக் கூப்பிட்டார்கள். வந்தான். போனை வாங்கினான். ஒரு பார்வை. திருப்பிக் கொடுத்தான்.

"இந்த லாரியவே நான் பார்த்ததில்லீங்க சார்."

தேவிப்ரியா அவன் விரல்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் கண் வீங்க வரைந்த முகம் ஒரு லாரியின் முதுகில் உட்கார்ந்திருந்தால் யாராக இருந்தாலும் பெரிதாக்கிப் பார்ப்பான். ஐயோ என்பான். இவன் விரல் அசையவே இல்லை. அதிர்ச்சி அடையாதவனுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம்.

திருட்டுப்பயல், என்று நினைத்தாள். உடனே இன்னொரு நினைப்பும் ஓடி வந்தது. படத்தை விட்டவன் என்று அவள் பேர் போட்டு எழுதிக் கொடுத்தால், இந்தத் தொழிலில் அவனுக்கு இனி ஒரு கதவும் திறக்காது. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை அவனுக்கு.

தன் இடத்துக்கு வந்து, தன் போனுக்கு வாங்கிக்கொண்ட படத்தைப் பெரிதாக்கினாள். பூதத்தின் தாடைக்குக் கீழே, சேறு தெறித்த பலகையில், லாரிக்காரர்கள் வழக்கமாக எழுதும் போன் நம்பர் பாதி மறைந்தும் மறையாமலும் தெரிந்தது. இரண்டு தப்பான ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு சரியானவர் கிடைத்தார்.

"பெரியசாமி பேசறனுங்க. வண்டிங்களா? வண்டி பெயின்டிங் ஷெட்டுல நிக்குதுங்க, திருச்செங்கோட்டு ரோட்டுல. லோடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. இளஞ்செழியன்னு யாரையாவது தெரியுங்களா?"

"நம்ம மாப்பள தானுங்க! எங்க அக்கா பையன். ஏனுங்க, பையனுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

தேவிப்ரியா போனை வைத்தாள். எழுந்து போய் இளஞ்செழியனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"பையை எடு. என்கூட வா. எங்கேன்னு கேக்காதே."

அவன் கேட்கவில்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். ஆட்டையாம்பட்டி வந்தது. கடைவீதியில் முறுக்கு வேகும் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியபோது அவளே ஆரம்பித்தாள். அது அவள் பிறந்த ஊர். அங்கே அவளுக்குக் குரல் தானாக உயரும்.

"மாமா லாரியவே பார்த்ததில்லையா நீ?"

பின்னாலிருந்து அவன் அவள் காதருகே குனிந்தான். "பொய் சொல்லிட்டனுங்க அக்கா."

"யாருக்கு வித்தே?"

"ஐயோ, வித்தனா? வித்தா இந்தப் பேன்ட்டத் தெச்சுப் போட்டுட்டு வருவனுங்களா?" சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "நான் வரையறதுக்கு முந்தியே அந்த மூஞ்சி அந்த வண்டில இருந்துதுங்க. சின்ன வயசுல இருந்தே பார்க்கறேன். மோர்கோவோட அந்தச் சதுரத்தையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேனா, எனக்கு வேற ஒண்ணுமே தோணல. கை தானாப் போட்டுருச்சு. நீங்களும் நல்லாருக்குன்னீங்க."

"போட்டோல பெயின்ட் நேத்து அடிச்ச மாதிரி மினுங்குது."

"எஃப்.சி. காட்டறதுக்கு வருஷா வருஷம் வண்டியையே புதுசா அடிப்பாங்கல்லக்கா. அதே மூஞ்சியத்தான் மறுக்கா மறுக்கா போடுவாங்க. மாமாவுக்கு அது மாறக்கூடாது. அது இருக்கறவரைக்கும் வண்டி கவுந்துராதுன்னு ஒரு நெனப்பு."

கதை கச்சிதமாக இருந்தது. அதனாலேயே அவள் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவனுக்குக் கதை கட்டச் சொல்லியா தரவேண்டும்? எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்கு லாரிகளை மணப்பெண் மாதிரி அலங்கரித்து அனுப்புவது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். இவன் அந்த முகத்தை இந்த வருஷம்தான் மாமாவுக்கு வரைந்து கொடுத்திருந்தால்? பெருமைக்காகவாவது? நம்புகிறவர்கள் ஏமாந்துபோன கதை அவளுக்கு நிறையத் தெரியும்.

ஆனாலும் 'நீங்களும் நல்லாருக்குன்னீங்க' என்றானே, அது மட்டும் காலில் முள் மாதிரி ஏறிக்கொண்டது. உண்மைதான். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்ததும், ஏன் என்று தெரியாமலேயே, இதுதான் சரி என்று பட்டது. இந்த ரோட்டோரத்தில் லாரி முதுகுகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஏன் சரியென்று பட்டது என்று ஒருதரமாவது யோசித்திருக்க வேண்டாமா?

ஷெட்டுக்கு முன்னால் பாடி கட்டாத லாரிகள் எலும்பும் சட்டமுமாக நின்றன. உள்ளே கம்ப்ரசர் இரைந்தது. தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. கடைசியில், பின்பக்கம் வெளிச்சத்தைப் பார்த்தபடி, அந்த லாரி. பூதம் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

தேவிப்ரியா கிட்டப் போனாள். இன்னும் கிட்ட. நின்றாள்.

போட்டோவில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. இடது புருவத்தின் நடுவில், பின்கதவோடு சேர்த்துப் பற்றவைத்த ஓர் இரும்புக் கொக்கி துருத்திக்கொண்டிருந்தது. கதவைத் தூக்கிச் சங்கிலி மாட்டுகிற கொக்கி. வரைந்தவன் அதன்மேல் புருவத்தை ஓட்ட முடியாமல், இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் தொடங்கியிருக்கிறான். வலது கோரைப்பல் முடிய வேண்டிய இடத்தில் கைக்குழந்தையின் முட்டி அளவு போல்ட். பல் அதோடு நின்றுவிட்டது. விரலால் போல்ட்டைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

லாரியில் பல் உடைந்ததற்குக் காரணம் இருந்தது. மோர்கோவின் வாயில் போல்ட் இல்லை. வெறும் உடைசல்தான் இருந்தது. முகம் இங்கிருந்துதான் அங்கே போயிருக்கிறது. அங்கிருந்து இங்கே வரவில்லை.

"இந்தக் கொக்கி எப்ப வெச்சதுங்க?" என்றாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்த பெரியசாமியிடம்.

"வண்டி பாடி கட்டறப்பவே வெச்சதுங்க அம்மிணி. ஏனுங்க, எல்லாரும் இதையே கேக்கறீங்க?"

"எல்லாரும்னா?"

"உங்க மொதலாளி நேத்தே வந்தாருங்களே. வெள்ளக் கார்ல. இப்படித்தான் கொக்கியத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. போல்ட்ட ஆட்டிப் பார்த்தாரு. படம் எத்தனை வருசமா இருக்குதுன்னு கேட்டாரு."

நேற்று. மெயில் இன்று காலைதான் வந்தது என்றாரே?

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பேசியது அவரேதான்.

"எங்க இருக்கீங்கன்னு கேக்க மாட்டேனுங்க" என்றார் சரவணக்குமார். "கொக்கியப் பார்த்தாச்சுங்களா?"

"அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பையன் படத்தை வெளிய விட்டான்னு எழுதச் சொல்றீங்க."

"தேவிம்மா, நிதானமாக் கேளுங்க. படம் திருட்டுப் போச்சுன்னா ஒருத்தன் போவான். படமே திருட்டுன்னா நாம அத்தனை பேரும் போவோம். போஸ்டர் அந்தப் பல்லு. இனி பல்லை யாரு மாத்தறது? உங்ககிட்ட ஒப்புதல் வாங்கித்தான் அது போயிருக்குது, ஞாபகம் வெச்சுக்கோங்க." வைத்துவிட்டார்.

அவள் திரும்புவதற்குள் லாரியின் பக்கத்தில் புஸ்ஸென்று சத்தம். பெயின்டர் செங்கோடன், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஸ்ப்ரே கன்னைப் பூதத்தின் தாடைமேல் இடமும் வலமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் பிரைமர் பூச்சு. தாடை போயிற்று. நாக்கு போயிற்று.

"நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

"அழிக்கச் சொல்லிட்டாருங்க உங்க மொதலாளி" என்றார் பெரியசாமி, குரல் தாழ்ந்து. "எனக்கு மட்டும் மனசு வருதுங்களா? இந்தப் படம் இல்லாம இந்த வண்டி ரோட்டுல போனதில்லீங்க. இதை அழிச்சுட்டா மாப்பள வேலைக்கு ஒரு சேதாரமும் இல்லைன்னு அவரு வாய்விட்டுச் சொன்னாரு. அதான். படம் வேணுமா, பையன் வேணுமா?"

இளஞ்செழியன் மாமாவின் கையைப் பிடித்தான். "மாமா, படத்தை நான்தான் வெளிய விட்டேன்னு எழுதி என்னை அனுப்பப் போறாங்க."

"யாரு?"

அவன் தேவிப்ரியாவைப் பார்த்தான். பெரியசாமியும் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. இந்தம்மா யார் பக்கம்? நேற்று ஒரு ஆள் வந்து கொக்கியைத் தொட்டுவிட்டு வஞ்சகம் செய்துவிட்டுப் போனார். இன்று அதே கொக்கியை இவள் தொடுகிறாள்.

"பெரியவரே, அடிக்கட்டுங்களா, வேண்டாங்களா? கன்னுல பெயின்ட் காஞ்சுருமுங்க" என்றார் செங்கோடன்.

பெரியசாமி வாயைத் திறந்து மூடினார். செங்கோடன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். சாம்பல் பனி மீசையின் ஒரு நுனியைத் தொட்டது. உதடு வரை ஏறியது. உடைந்த பல்லுக்கு இன்னும் ஒரு சாண்.

தேவிப்ரியா தன் போனை இளஞ்செழியனின் கையில் திணித்தாள். "வீடியோ எடு. கொக்கி, போல்ட், பல்லு. கிட்டப் போய் எடு."

"எதுக்குங்க அக்கா? யாருக்கு அனுப்பறதுக்கு?"

கம்பெனிக்கு அனுப்பினால் இவன் திருடன் இல்லை என்றாகும். மோர்கோ திருட்டு என்றாகும். ஸ்டூடியோ மாடியில் குனிந்து வரைந்துகொண்டிருக்கும் அத்தனை பேர் தலையும் ஒரு நொடி அவள் நினைப்பில் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. அனுப்பாவிட்டால், சாயங்காலம் அவள் பேர் போட்டு ஒரு பொய் போகும்.

"மொதல்ல எடு" என்றாள்.

சொல்லிவிட்டு, லாரிக்கும் ஸ்ப்ரே கன்னுக்கும் நடுவில் போய் நின்றாள். பிரைமர் முகத்தில் ஊசி ஊசியாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஈரப் பெயின்ட் துணியில் ஒட்டி இழுத்தது. தோள்பட்டையில் கொக்கி குத்தியது.

"அம்மிணி, தள்ளி நில்லுங்க, துணி பாழாப் போயிருமுங்க" என்றார் செங்கோடன். கன் நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். எதிரில் இளஞ்செழியன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அவன் பார்வை திரையிலேயே நிலைகுத்தி நின்றது. அவளைப் பார்க்கவில்லை, பூதத்தைப் பார்க்கவில்லை. உடைந்த பல் இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு, திரை முழுக்க, மறுபடி அழைத்த சரவணக்குமாரின் பெயர் துடித்துத் துடித்து எரிந்துகொண்டிருந்தது.