நியூஜெர்சியிலிருந்து ஓகே

டைரக்டர் ஸ்ரீரங்கனின் முகம் கம்ப்யூட்டர் திரையில் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. அந்தத் தீப்பெட்டிக்குள் இருந்துகொண்டும் மனிதர் உறுமினார்.

"உன் மூஞ்சியைக் காட்டாதே பொன்மணி. மானிட்டரைக் காட்டு. மானிட்டரை!"

பொன்மணி நகர்ந்துகொண்டாள். பாண்டி பஜாரில் இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கும் அப்துல் கய்யூம், ஸ்டூலின் மேல் செலோ டேப் போட்டு ஒட்டியிருந்த கேமராவை எடிட்டிங் மானிட்டர் பக்கம் திருப்பினார். சாத்துக்குடி அளவுக்கு ஒரு கேமரா. அதற்கு ஒரு வால். வால் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தது, கம்ப்யூட்டர் டெலிபோன் லைனில் சொருகியிருந்தது. தி.நகர் சந்தில், பாத்திரக்கடை மாடியில் இருந்த எடிட்டிங் ரூமில் ஓடும் படம் அந்த லைன் வழியாக நியூஜெர்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. பேச்சுக்கு இன்னொரு டெலிபோன், ஸ்பீக்கரில்.

1999 ஜூன். வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. அங்கே காலை ஏழரை. இங்கே ராத்திரி ஏழு மணிக்குள் கேசட் டி.வி. நிலையத்தில் இருந்தாக வேண்டும். நாளைக்குத் தொடரின் ஐம்பத்து மூன்றாவது எபிசோட்.

போன ஐம்பத்திரண்டு எபிசோடிலும் "எடிட்டிங், டைரக்‌ஷன்: ஸ்ரீரங்கன்" என்றே டைட்டில் கார்டு ஓடியது. எடிட்டிங் ரூமில் அவர் செய்தது இரண்டே காரியம். தூங்குவார். முழித்துக்கொண்டால், "கட்" என்பார். வெட்டியதும் ஒட்டியதும் ராயப்பேட்டை பொன்மணி. எட்டு வருடம், நாலு ஸ்டூடியோ, ஒரு இடத்திலும் அவள் பெயர் திரையில் வந்ததில்லை. அவள் ஸ்டூடியோவைப் பெருக்கித் துடைக்கிறாள் என்றுதான் தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. அம்மா தாயம்மாவுக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

மகள் சாருலதாவுக்குப் பிரசவம் என்று ஸ்ரீரங்கன் அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று, பொன்மணி ஏர்போர்ட் வாசலிலேயே மடக்கிவிட்டாள். "எனுக்கு ஒரு கார்டு போடுங்க சார்." பக்கத்தில் புரொடியூசர் வெங்கடரமணன் நின்றிருந்ததால் அவரால் நழுவ முடியவில்லை. "அங்கேர்ந்து நானே பாப்பேன். பாத்து நான் ஓகே சொன்னா, அந்த எபிசோட்லேர்ந்து உன் பேர்" என்று சொல்லிவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

இன்றைக்கு அந்த ஓகே வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வெங்கடரமணன் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது எபிசோடில் ஒரு தப்பு வந்தபோது, "நான் எப்போ ஓகே சொன்னேன்?" என்று ஸ்ரீரங்கன் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து டைரக்டர் வாயால் ஓகே வந்தால் மணி போட்டு அதில் எழுதிவிடுவார். எழுதினதை பிரம்மா வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார்.

படம் ஓட ஆரம்பித்தது. கதாநாயகி கல்பனா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாமியார் பெட்டியோடு வெளியே போகிறாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு மூஞ்சியையே எவ்வளவு நேரம் வெச்சிண்டிருப்பே? வெட்டு!"

பொன்மணி கய்யூமைப் பார்த்தாள். கல்பனாவின் முகம் மூன்றே வினாடிதான். ஆனாலும் வெட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

"இன்னும் அதே மூஞ்சிதானே! வெட்டுன்னா வெட்டணும். பூனை முகம் கழுவற மாதிரி பண்ணாதே."

"ரெண்டு செகண்டுதான் சார் கீது."

"ரெண்டா? எனக்கு ரெண்டு நிமிஷமா தெரியறது. வெட்டு!"

இப்படி ஏழு முறை. காலையில் முடித்து வைத்த கேசட்டை அவள் தொடவில்லை, காப்பியில்தான் வெட்டினாள். அந்தக் காப்பி கண்ணெதிரே கந்தலாகிக்கொண்டிருந்தது. எல்லா சீனிலிருந்தும் கல்பனா மொத்தமாகக் காணாமல் போனாள். மாமியார் சுவரைப் பார்த்து, "என் வயிறு எரியறதுடி" என்றாள். அதற்குச் சுவர் அழுதது. அழுகைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

வெங்கடரமணன் எழுந்து வந்து மானிட்டரை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ஹீரோயினே இல்லியே?"

"அவருதான் வெட்டு வெட்டுன்றாரே சார்."

"இருபத்திரண்டு நிமிஷம் இருந்ததே, இப்போ எவ்வளவு?"

"பதினெட்டு. இப்டியே போனா விளம்பரம் மட்டும்தான் போடணும்."

ஸ்பீக்கரில் ஒரு கைக்குழந்தை வீல் என்று கத்தியது. அதற்கு மேல் ஒரு பெண் குரல்: "அப்பா, அந்தப் படம்..." டக்கென்று யாரோ ரிசீவரைக் கையால் பொத்தினார்கள். தீப்பெட்டிக்குள் ஸ்ரீரங்கன் தலையைத் திருப்பி யாரையோ அதட்டுவது தெரிந்தது. பத்து வினாடி. கை எடுக்கப்பட்டது.

வந்தது வேறு ஸ்ரீரங்கன்.

"ஆஹா! இப்போ பிரமாதமா வந்திருக்கு பொன்மணி. அந்தக் கண்ணு! அந்த லுக்கை அப்படியே ஹோல்ட் பண்ணு."

பொன்மணியின் கை பட்டனில் நின்றது. கேசட் ரிவைண்ட் ஆகிக்கொண்டிருந்தது. மானிட்டரில் வெறும் நீலம். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

கய்யூமும் பார்த்துவிட்டார். குனிந்து கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். போன் ஸ்பீக்கரை ஒரு கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அவரு நமக்கு வராரு. நம்ம படம் அவருக்குப் போவல. எப்பவோ நின்னுட்சும்மா. அங்க ஒரே ஸ்டில்லு."

"எப்போலேர்ந்து பாய்?"

"படம் ஓட ஆரம்பிச்சதுலேர்ந்தேன்னு வெச்சிக்கோயேன்."

அதுதான் அந்த மூஞ்சி. நின்றுபோன கல்பனாவை அரைமணி நேரமாக வெட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுஷன். இப்போது மகள் சொல்லி விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு டைரக்டர் வாயால், "எனக்கு ஒண்ணும் தெரியலே" என்று எப்படிச் சொல்வது?

பொன்மணிக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. மேஜை மேல் பேப்பரில் மசால் வடை இருந்தது. ஒன்றை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"சார், இந்த குளோசப் ஓகேவா சார்?"

"அற்புதம்!" என்றார் ஸ்ரீரங்கன். "நான் சொன்ன அந்தச் சோகம் இப்பதான் முகத்துலே வந்திருக்கு."

வெங்கடரமணனுக்குக் காபி புரையேறியது. கய்யூம் முகத்தைத் துண்டுக்குள் புதைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். முதுகு மட்டும் குலுங்கியது.

வெங்கடரமணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார். "சொல்லிடலாமா? பாவம், அந்தாத்துல குழந்தை வேற அழுதுண்டிருக்கு."

"சொன்னா இன்னா ஆவும் சார்? நெட்டு செரியில்ல, நான் பாக்கல, அதனால பழைய கார்டையே போடுன்னுவாரு. அப்பால எனுக்கு எப்போ? அவரு பேத்தி கல்யாணத்துக்கா?"

வெங்கடரமணன் மோவாயைத் தடவினார். பதினெட்டு நிமிஷக் கந்தலை டி.வி. நிலையத்துக்கு அனுப்பினால் கிடைக்கிற மரியாதை அவருக்குத் தெரியும். "காலம்பற பண்ணின கேசட் இருக்கோல்லியோ?"

"சுத்தமா கீது."

"அதைப் போடு."

மணி ஐந்து நாற்பத்தைந்து. பொன்மணி காலைக் கேசட்டைச் சொருகினாள். ஏமாற்றியதாக ஒரு பேச்சு பின்னால் வரக்கூடாது. வடையைக் கீழே வைத்துவிட்டு, இருபத்திரண்டு நிமிடத்தையும் ஒரு வினாடி விடாமல் கேமரா முன்னால் ஓட்டினாள். பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்ரீரங்கனும் சளைக்கவில்லை. மௌனமாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து நிமிஷத்துக்கு ஒரு கருத்து சொன்னார். மாமியார் வெங்காயம் நறுக்கும்போது, "இந்தச் சண்டையிலே வேகம் இருக்கு" என்றார். விளம்பர இடைவெளிக்காக விட்டிருந்த கறுப்புத் திரையை, "லைட்டிங் யார் பண்ணினா? சபாஷ்" என்றார்.

"நீங்கதான் சார் பண்ணீங்க" என்றாள் பொன்மணி.

"அதானே பாத்தேன்."

எபிசோட் முடிந்தது. பொன்மணி கார்டைத் திரையில் நிறுத்தினாள். கறுப்பில் வெள்ளை எழுத்து. டைரக்‌ஷன்: ஸ்ரீரங்கன். அதற்குக் கீழே தனியாக, எடிட்டிங்: பொன்மணி. நேற்றே அடித்து வைத்திருந்தாள். இப்போது பெரிய மானிட்டரில் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"சார், டைட்டில் கார்டு நிக்குது. நல்லா பாத்துச் சொல்லுங்க. எபிசோடும் கார்டும், ரெண்டும் ஓகேவா?"

"ரெண்டும் ஓகே. பர்ஃபெக்ட். ஒரு எழுத்தைத் தொடாதே."

வெங்கடரமணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். ஆறு மணி ஒன்பது நிமிடம். ஓகே. கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கய்யூம் கம்ப்யூட்டரில் எதையோ தட்ட வேண்டும்? பழக்க தோஷம். கெட்டுப்போன எதையும் சரி பண்ணாமல் அவரால் சும்மா இருக்க முடியாது.

"அய்யோ, போவுது! படம் அவருக்குப் போவுதும்மா!"

தீப்பெட்டிக்குள் ஸ்ரீரங்கன் முன்னால் சாய்ந்தார். மூக்கு பெரிதாகியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

பொன்மணி அசையவில்லை. வெங்கடரமணன் நோட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"இது... இந்தக் கார்டு எப்போ..." என்று ஆரம்பித்தார் ஸ்ரீரங்கன்.

"நீங்க இப்ப பாத்து ஓகே பண்ணதுதான் சார்" என்றாள் பொன்மணி. "இவ்ளோ நேரம் பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

இல்லை என்றால் வெங்காயச் சண்டைக்கும் கறுப்பு லைட்டிங்குக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் கார்டு. பின்னாலிருந்து சாருலதாவின் குரல், இந்தத் தடவை தெளிவாக.

"ஹை, சரியாயிடுத்தே! யாருப்பா அது, பொன்மணி?"

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"எடிட்டர்மா" என்றார் ஸ்ரீரங்கன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கய்யூம் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார்.

"ஆனா பொன்மணி, அந்த எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கு. என் பேரைவிடத் தூக்கலா தெரியறது. சின்னதா பண்ணிட்டு எனக்கு ஒருதரம்..."

"சார்? இன்னா சார்? சரியா கேக்கல சார். லைன்ல இரைச்சலா கீது."

ஸ்பீக்கரில் துளி இரைச்சல் இல்லை. சாருலதா அங்கே குழந்தைக்குப் பால் கலக்கும் ஸ்பூன் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

பொன்மணி போனை வைத்தாள். டெக்கிலிருந்து கேசட்டை எடுத்து டப்பாவில் போட்டு, லேபிளில் ஐம்பத்து மூன்று என்று எழுதினாள்.

"கார்லே நான் கொண்டு போய்க் குடுத்துடறேன்மா" என்று வெங்கடரமணன் கையை நீட்டினார்.

"வேணாம் சார். நானே வரேன்" என்றாள் பொன்மணி. கேசட்டை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு, அவருக்கு முன்னால் படியிறங்கினாள்.