அக்டோபர் மாத இடுப்பு

எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் அளவு நாடாவுக்கும் ஆகாது. போன வருடம் வெள்ளை ஞாயிறு என்ற திருநாளுக்குப் போதகரம்மாவே வீடு வீடாக வந்து எல்லோரையும் அளந்தார். உடுப்பு தைத்து வந்தபோது பாதிப் பேருக்குக் கை நுழையவில்லை, மீதிப் பேருக்குத் தோளில் நிற்கவில்லை. போதகரம்மாவைத் திட்ட முடியாது என்பதால் பெண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். அதனால் புதுக் கோயில் பிரதிஷ்டைக்கு அவரவர் அளவை அவரவரே எடுத்து, அக்கரைத் தீவில் இருக்கும் தையல்காரம்மாவுக்குப் போனில் சொல்ல வேண்டும் என்று மகளிர் சங்கத்தில் முடிவாயிற்று. தப்பாகப் போனால் பழி போட ஆள் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

துணி ஆக்லாந்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அனுப்பியது. கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூ. எல்லோருக்கும் ஒரே துணியில் புலேத்தாசி, அதாவது மேலே முட்டி வரை உடம்பைப் பிடித்தாற்போல ஒரு சட்டை, கீழே பாதம் வரை பாவாடை. ஆள் கணக்குப் பார்த்து அனுப்பிய துணி என்பதால் ஒரு கைக்குட்டைக்குக்கூட மிச்சம் கிடையாது. பிரதிஷ்டை அக்டோபரில். அன்றைக்கு அந்தத் துணியில் இல்லாதவள் அந்த ஊரில் இல்லாதவள் மாதிரி.

நாடா எங்கள் வீட்டு முறைக்கு வந்தது ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து, அடுப்புக் கற்களில் வெந்த பன்றியும் தேங்காய்ப்பால் ஊற்றிய சேப்பிலையும் தின்றுவிட்டு, எங்கள் சவாயீத் தீவே பாயில் சாய்ந்திருந்த நேரம். என் கணவன் பிலிப்போ வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். விழித்திருந்தது நானும் அவனுடைய அக்கா பெனீனாவும்தான்.

பெனீனா அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே தம்பிக்கு அக்கா என்றால் தெய்வத்துக்கு அடுத்தபடி. வீட்டில் நல்ல பாய் அவளுக்கு, மீனில் நடுத்துண்டு அவளுக்கு. வேறு ஊரிலிருந்து வாழ வந்த நான் சமைக்க, துவைக்க, விசிற. இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம். ஆனால் அவளுடைய வாய் இருக்கிறதே, அதை எந்த வழக்கத்திலும் சேர்க்க முடியாது. நான் ஒல்லி. அவள் ஆஜானுபாகு. கல்யாணமாகி வந்த அன்றே என்னைச் சுற்றி வந்து பார்த்து, "என்னடா தம்பி, தூண்டில் கழிய மட்டும் கூட்டிட்டு வந்திருக்க, மீன் எங்கடா?" என்று கேட்டவள்.

அன்றைக்கு அவள்தான் முதலில் அளந்துகொண்டாள். இடுப்பில் கட்டியிருந்த லவலவாத் துணிக்கு மேலேயே நாடாவைச் சுற்றினாள்.

"அண்ணி, தையக்காரம்மா என்ன சொன்னாங்க? சாப்பிடறதுக்கு முன்னாடி அளக்கணும்னு சொன்னாங்கல்ல?"

"சாப்பிடாத உடம்புக்குத் தச்சு என்ன பண்ண? பிரதிஷ்டை அன்னிக்கு நான் என்ன பட்டினியா கெடக்கப்போறேன்? பாரு, நாடாவுக்கே மூச்சு வாங்குது." இடுப்பு நாற்பத்துநாலு என்று சபைக்கு அறிவிப்பது போல வாசித்தாள். பிறகு நாடாவை வளையமாக்கி என் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டாள். "இந்தா, கழியே. போய் அளந்துட்டு வா. அளக்க ஏதாவது இருந்தா."

நாடாவை நான் உடனே கழுத்திலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அண்ணி விசிறியை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

பிள்ளை உண்டாகியிருப்பவள் கழுத்தில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது. மாலை, சங்கிலி, துண்டு, எதுவும். வயிற்றில் இருப்பதன் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும் என்பார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் சிரிப்பாள். நானும் அவளோடு சேர்ந்து சிரிப்பேன். ஆனால் இதற்கு முன் இரண்டு தங்காமல் போயின. இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்திலேயே சந்தோஷம் தாங்காமல் சொல்லிவிட்டேன். ஊரே கிழங்கும் கோழியுமாக வந்து நின்றது. பிறகு அதே ஊர் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றியது, அதுதான் தாங்கவில்லை. சொன்னதால்தான் போயின என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. இந்தத் தடவை சொல்லிப் பார்க்கும் அளவுக்குத் துணிச்சலும் இல்லை. பிலிப்போவுக்குக்கூடத் தெரியாது.

உள்ளே திரையை இழுத்துவிட்டு அளந்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது, நாடாவுக்குள் ஒரு விரல் போக வேண்டும், முதுகுப் பக்கம் நாடா கீழே இறங்கிவிடக் கூடாது. தையல்காரம்மா போனில் சொன்னதெல்லாம் செய்தேன். மார்பு. இடுப்பு இருபத்தெட்டு, எப்போதும் போல. இடுப்புக்குக் கீழே. எல்லாம் சரி. யார் பார்த்தாலும் இது இந்த ரூத்தாவின் அளவுதான் என்பார்கள்.

ஆனால் இந்த உடுப்பு ஜூன் மாத உடம்புக்கு இல்லையே. அக்டோபர் மாத உடம்புக்கு.

மூலையில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துச் சுருட்டி உடைக்குள் விட்டுக்கொண்டேன். அப்படியே நிலைக்கண்ணாடி முன் நின்றேன். திரை காற்றில் உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. தூரத்தில் அலை பவளத்திட்டில் உடையும் சத்தம், வீடு முழுக்கத் தூங்குகிறவர்களின் மூச்சு, எல்லாம் ஒன்றாகக் கேட்டது. கண்ணாடியில் இருந்தவளுக்கு என் முகம்தான். ஆனால் அவள் என்னைவிட நிதானமாக இருந்தாள், கையை இடுப்பில் ஊன்றி, கொஞ்சம் பின்னால் சாய்ந்து. அவளுக்கு என்னைவிட ஏதோ தெரிந்திருந்தது. அக்டோபரிலிருந்து வந்து நிற்கிறவள் அல்லவா. என்ன ஆயிற்று என்று அவளிடமே கேட்டுவிடலாம் போலிருந்தது. கேட்கவில்லை. நாடாவை மட்டும் அவளைச் சுற்றி வளைத்துப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் போர்வைக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ என் தோலில் படர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெயில் பாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போயிருந்தது.

"ரூத்தா, அளக்கிறியா, இல்ல நெய்யறியா?" என்று அண்ணியின் குரல் வந்தது.

போர்வையை உருவி மடித்து வைத்தேன். எந்த அளவைச் சொல்வது? கண்ணாடிக்காரியின் அளவைச் சொன்னால் அந்தி சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஒல்லிக் கழிக்கு எதற்கடி இவ்வளவு துணி என்று இந்த அண்ணியே ஊதிவிடுவாள். அப்புறம் கிழங்கு, கோழி. என் அளவைச் சொன்னால், பிள்ளை தங்கினால் உடுப்பு ஏறாது. பிள்ளை தங்காவிட்டால் உடுப்பு கச்சிதமாக இருக்கும். அப்படி யோசித்ததும் எனக்கு உடம்பு கூசியது.

எங்கள் தெருவில் சாலையோரச் சீமைப்பலா மரத்தடியில்தான் போன் எடுக்கும். அண்ணி அங்கே நின்று தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். நான் பின்னாலேயே போய் மெதுவாகச் சொன்னேன். "இடுப்பு இருபத்தெட்டு அண்ணி."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கேலி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"அதானா? இதுக்கா இவ்வளவு நேரம்? மத்த அளவையும் சொல்லிட்டு ஓடு. கோக்கோ பொங்குது, வாசம் இங்க வருது."

சொல்லிவிட்டு ஓடினேன். கோக்கோ பொங்கவில்லை, இன்னும் கொதிக்கவே இல்லை.

அதன் பிறகு வந்த மாதங்கள் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. காற்றுக் காலம். ஆற அமரத் துவைத்தேன், ஆற அமர நடந்தேன், தண்ணீர் நிரம்பிய பாத்திரம் தளும்பிவிடுமோ என்று தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி. ஆகஸ்டில் வயிறே எல்லோருக்கும் சொல்லிவிட்டது. பிலிப்போ ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே மீன் பிடிக்கப் போய் ஒன்றும் பிடிக்காமல் வந்தான். ஊர் கிழங்கும் கோழியும் கொண்டுவந்தது. இரவில் பயம் வரும்போது எழுந்து நிலைக்கண்ணாடியைத் தேடுவேன். அந்தக் கண்ணாடிக்காரி கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் வந்துகொண்டிருந்தாள்.

உடுப்பு ஞாபகம் வந்ததும் தையல்காரம்மாவை நானே கூப்பிட்டேன்.

"வெட்டியாச்சேம்மா," என்றாள் அவள். "துணியும் இல்ல. ஆளாளுக்கு அளந்து அனுப்பினதுதானே? நான் என்ன பண்ண?"

அண்ணியிடம் சொன்னேன். பாயில் சாய்ந்தபடி மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். "கோணிச்சாக்கு கட்டிக்கிட்டு வா. கடவுளுக்குத் தெரியாதா நீ யாருன்னு?" என்று சொல்லிக் கொட்டையைச் சப்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் விசிறியை அடுப்பில் போட்டிருப்பேன். போடவில்லை, புதுசு நான்தானே முடைய வேண்டும். பிரதிஷ்டை அன்றைக்குச் சமையல் கொட்டகையிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஊரே நீலத்தில் நடந்து போகும்போது நான் புகைக்குள் இருப்பேன். அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

உடுப்புகள் பிரதிஷ்டைக்கு முந்தின நாள் மாலைதான் படகில் வந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய தாள் குத்தியிருந்தது. என் பெயர் குத்திய சட்டையை விரித்தேன். படுதா மாதிரி விரிந்துகொண்டே போனது.

"இது உங்களுது அண்ணி. பேர் மாத்திக் குத்திட்டாங்க."

"தையக்காரிக்குக் கண்ணு போச்சு. போட்டுத்தான் பாரேன்."

திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். தோள் கொஞ்சம் சரிந்தது. மார்பில் காற்று புகுந்தது. ஆனால் வயிற்றின் மேல் அந்த நீலம் வந்து உட்கார்ந்த உட்காரல் இருக்கிறதே, அளந்து தைத்தது போல. ஒரு விரல் உள்ளே போகும் இடமும் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். கையை இடுப்பில் ஊன்றி, கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்றவள் இந்தத் தடவை நான்தான்.

வெளியே வந்தேன். அண்ணி தன் பெயர் குத்திய சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய ஒரு கைக்குத்தான் காணும்.

"அண்ணி, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்ன, கத்தரிக்கோல் இல்லையா?"

மறுநாள் காலையில் ஊர் அவளைப் பார்த்தது. சட்டையின் இரண்டு பக்கத்தையும் அக்குளிலிருந்து கீழே வரை வெட்டி, சமையலறை சன்னலில் தொங்கிய மஞ்சள் திரையைக் கிழித்து ஒட்டுப் போட்டிருந்தாள். வீட்டுக்கு மூத்த மகள், சங்கத்துக்குத் தலைவி, முன்வரிசைக்காரி, நீலக் கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் பட்டை அடித்த மீன் மாதிரி வந்தாள். பெண்கள் விசிறிக்குப் பின்னால் சிரித்தார்கள். "தையக்காரிக்குக் கண்ணு போச்சு" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

கோயில் வாசலில் எல்லாப் பெண்களுக்கும் சிவப்புத் தாழம்பழ மாலை போட்டார்கள். போதகரம்மா ஒரு மாலையை விரித்துக்கொண்டு என் தலைக்கு நேரே வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று நான் விழிப்பதற்குள் அண்ணி இடையில் தலையை நுழைத்துவிட்டாள். "எனக்கு ரெண்டு போடுங்க போதகரம்மா. இன்னிக்கு என் சட்டைய மறைக்க நெறைய மாலை வேணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அண்ணி," என்றேன் மெதுவாக. "உங்களுக்கு ஜூன் மாசமே தெரியுமா?"

அவள் முன்னால் பார்த்தபடியே பேசினாள். "மாலைய எறியற மாதிரி நாடாவ எடுத்து மணிக்கட்டுல சுத்துன. மூணு பெத்தவடி நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்றதா? உன் மூஞ்சி அன்னிக்கி இருந்த இருப்புக்குச் சொல்ல முடியுமா? துணியும் அளவா வந்தது. உனக்குக் கூட்டினா எவளுக்காவது குறைக்கணும். அதான் நீ அடுப்புக்கு ஓடினதும் நம்ம ரெண்டு பேரோட பேர மாத்திச் சொன்னேன்."

"தங்கலன்னா என்ன பண்ணியிருப்பீங்க? ரெண்டு பேருக்குமே உடுப்பு சேராமப் போயிருக்குமே. நானே நம்பலயே அண்ணி."

"நீ நம்பாமத்தானே இருபத்தெட்டுன்னு சொன்ன," என்றாள். "வீட்ல யாராவது ஒருத்தி நம்பணும்ல. நட, கழியே. கதவு தெறக்கறாங்க."

உள்ளே புதுப் பலகையும் சுண்ணாம்பும் மணத்தன. முதல் பாட்டு எழும்பியது. அண்ணிக்குக் குரல் பெரிது. உச்ச வரியில் அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தபோது இடப்பக்கத்து மஞ்சள் ஒட்டு மேலிருந்து கீழ் வரை பிரிந்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் போய் ஒட்டி நின்று என் கையால் அந்தக் கிழிசலைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய அளவுக்குள் நின்று, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், நானும் பாடினேன்.