ஜெர்மன்காரன் பக்கத்து இடம்

டிராமில் ஜெர்மன் சிப்பாய் ஒருவன் உட்கார்ந்தால் அவன் பக்கத்து இடம் காலியாகிவிடும். ஒஸ்லோவில் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, தானாக வந்த பழக்கம். போரில் நாட்டை அவர்கள் பிடித்துவிட்டார்கள், நம் பக்கத்தில் உட்காரும் சுகத்தையாவது தர வேண்டாம் என்று நின்றுகொண்டே போவோம். ஜெர்மன் மேலிடத்துக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். இடம் இருக்கும்போது நிற்பவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடப்படுவார்கள் என்று உத்தரவு ஒட்டினார்கள். ஜனங்கள் இறங்கி நடந்தார்கள்.

என்னால் நடக்க முடியவில்லை. துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கி என் வலது முட்டி வீங்கிக் கிடந்தது. என் வீடு இருக்கும் சாகெனேவுக்குப் போகும் வழியெல்லாம் மேடு. அன்று சாயங்காலம் டிராமில் சிப்பாய் ஒருவனின் பக்கத்து இடம் மட்டும் காலி.

"உட்காரு, இல்லேன்னா இறங்கு" என்றார் கண்டக்டர் ஹால்வோர், என் முகத்தைப் பார்க்காமல்.

உட்கார்ந்தேன். சிப்பாய் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டான். அதுதான் உடம்பில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் காலை துறைமுகத்தில் மீன் பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்தேன். நான் டிராமில் உட்கார்ந்த செய்தி எனக்கு முன்பே அங்கே வந்திருந்தது. மறு பிடிக்கு ஆள் வரவில்லை. வாலிபத்திலிருந்தே என் ஜோடி எய்லிஃப்தான்.

"வாடா" என்றேன்.

"உன் புது சிநேகிதனைக் கூப்பிடு. நல்ல பூட்ஸ் போட்டிருக்கான், வழுக்கி விழ மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"முட்டி வலிடா."

"எங்களுக்கெல்லாம் முட்டி இல்லையா, துர்கிரிம்?"

அன்று முழுக்கத் தரை கழுவினேன். நாளைக்கும் ஜோடி கிடைக்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

சாயங்காலம் டிராமில் எய்லிஃபும் ஏறினான். ஒரே ஒரு இடம்தான் காலி, அதுவும் சிப்பாய் ஒருத்தன் பக்கத்தில். அதை ஒட்டி நின்றவன் நான்தான். ஹால்வோர் தொண்டையைச் செருமினார். எல்லார் கண்ணும் என் மேல். உட்கார்ந்தால் வேலை போகும். இறங்கினால் முட்டி போகும், அதோடு வேலையும் போகும்.

முன்வரிசையிலிருந்து ராக்னா அம்மா எழுந்தார். சலவைக்காரர், மகன் கிரினி சிறையில் இருக்கிறான். ரகசியப் பத்திரிகை அச்சடித்தான் என்று பிடித்துப் போனார்கள். நேராகப் போய்ச் சிப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன முழிக்கிறே? என் இடம் காலி. போய் உட்காரு."

"நீங்களாம்மா?" என்றாள் நின்றிருந்த ஒருத்தி.

"ஆமா, நான்தான். புள்ளையையே குடுத்தவகிட்ட யாரு கணக்குக் கேக்கப் போறீங்க?" பிறகு சிப்பாயைப் பார்த்து, "மூச்சை அந்தப் பக்கம் விடு, தம்பி" என்றார். அவனுக்குப் புரியவில்லை, தலையாட்டினான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நான் அவர் இடத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எய்லிஃப் பக்கத்தில் வந்து நின்றான்.

"காட்டு அந்த முட்டியை."

கால்சட்டையைச் சுருட்டினேன்.

"அடப்பாவி, முட்டைக்கோசு மாதிரி இருக்கு! நேத்தே காட்டியிருக்கலாமில்ல?"

"நீ எங்கே பார்த்தே?"

அவன் குனிந்து என் கால்சட்டையை இறக்கிவிட்டான். என் நிறுத்தம் வந்ததும் தோளைக் கொடுத்து இறக்கினான். அவனும் என்னோடு இறங்கிவிட்டான், அவன் வீடு இன்னும் தள்ளி.

"நாளைக்கு நான் பின்பக்கம் பிடிக்கிறேன்" என்றான். "பாரம் அங்கதான் இறங்கும்."

டிராம் கிளம்பியது. ஜன்னலில் ராக்னா அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். 'நீங்களாம்மா?' என்று கேட்ட பெண் இன்னும் அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.