சித்திரையில் மூடிய மேய்ச்சல்

1

இந்தக் கதையைத் தொடங்கியபோது என்னோடு ஏரியில் வேலை செய்யும் கெங்கம்மாள் தன் அக்கா புருஷன் வீரபத்திரனுக்கு இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. கதை பிறந்ததே அந்தக் கடனிலிருந்துதான். கடன் எதற்கு என்றால், புல்லுக்கு. புல் எங்கே என்றால், அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் பரசுராமன். அரக்கோணத்தில் மூட்டை தூக்கியவன். இப்போது நூறு நாள் வேலையில் ஏரியில் மண் வெட்டுகிறவன். நாற்பது வயதுக்குமேல் அறிவொளி வகுப்பில் எழுத்து கற்றேன். என் வாக்கியங்கள் நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும். நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: “திருத்தணி மலைமேல் சூரியன் தங்கத் தட்டுபோல...”

அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் சூரியனைப் பார்ப்பதில்லை. மேஸ்திரி வந்தாரா என்று பார்ப்போம்.

அடுத்து: “இணையம் என்னும் பெருங்கடலில்...”

அந்தக் கடலை நான் பார்த்ததே இல்லை. (கெங்கம்மாள் பார்த்தாள். கையில் துடைப்பத்தோடு.)

சரி, நடந்தபடியே சொல்கிறேன். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரபாவதி என்ற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ஏரி வேலைக்கு வருமுன் அதைப் பெருக்குவது கெங்கம்மாள். ஒரு காலை, திரையில் ஆடு நின்றது.

“இன்னாம்மா, கம்ப்யூட்டர்ல ஆடு மேய்ச்சிகினு இருக்கிறே?”

“பாடம்க்கா. நெலத்த எப்டி கெடாம காப்பாத்தறதுன்னு வெளிநாட்டு காலேஜு ஒண்ணு சொல்லித் தருது. ஃப்ரீ.”

“ஃப்ரீயா? அப்ப எனக்கும் சேத்துப் படி.”

பிரபாவதி இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வாள். இவள் பெருக்கிக்கொண்டே கேட்பாள். மேய்ச்சல் நிலம் முழுவதையும் எப்போதும் மேயவிடாதே. பாதியை மூடு. புல் பூத்து விதை உதிர்ந்த பிறகு திற. வேர் பிடித்தால் மண் கரையாது. தரையில் கூடு கட்டும் பறவை பிழைக்கும்.

[இங்கே பாடத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கெங்கம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.]

3

எங்கள் மேய்க்கால், அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம், மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே புல் நிற்பதில்லை. மழைக்கு மண் கரைந்து ஏரியில் வந்து விழும். அந்த மண்ணைத்தான் நாங்கள் வெட்டிக் கரையில் கொட்டுகிறோம். அடுத்த மழைக்கு மறுபடியும் வரும். கெங்கம்மாளுக்கு இது பொறுக்கவில்லை. சரிவில் பாதியை மூட வேண்டும் என்று நின்றாள். அவளும் ஆடு வளர்க்கிறவள்தான்; ஆனால் ஊரில் பெரிய மந்தை வீரபத்திரனுடையது. அவர் ஒத்துக்கொண்டால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள்.

“மூட்டா என் ஆடு இன்னா, காத்தையா திங்கும்?”

“மூணே மாசம் பாவா. அப்பால பாரு, முட்டி ஒசரம் புல்லு.”

“வரலன்னா?”

“தீவனக் காசு நான் தர்றேன்.”

“ஆங்! எல்லாரும் கேட்டுக்கினீங்களா?”

ஏப்ரலில் மூடு, ஜூலையில் திற என்றது பாடம். சித்திரையில் முள் வெட்டிப் போட்டு மூடினாள்.*

திறந்த பாதி போதாமல் வீரபத்திரன் மணவூர் பக்கம் போய் வேர்க்கடலைக் கொடி வாங்கி வந்து ஆடுகளுக்குப் போட்டார்; அந்தக் காசுதான் அந்த இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. மூடிய பாதியில் ஒரு பச்சை இல்லை. ஜூலையில், பாடம் சொன்னபடியே, முள்ளை எடுத்தாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறிய வாரம் நல்ல மழை. புல் முளைத்தது. திறந்து கிடந்த சரிவில் ஆடுகள் அதைத் தளிரிலேயே தின்று தீர்த்தன.

“வெள்ளக்காரன் ஊட்டுப் புல்லு ரொம்ப ருசி கெங்கம்மா!” என்றார் வீரபத்திரன், டீக்கடையில், எல்லார் முன்னாலும்.

அவள் நேராகப் பிரபாவதியிடம் போனாள். “அந்த ஊர்ல புல்லு எப்ப மொளைக்கும்?”

பிரபாவதி தேடிப் பார்த்தாள். “ஏப்ரல்லக்கா. பனி விட்டதும்.” பிறகு திரையிலிருந்து திரும்பி, “நாம இதக் கேக்கவே இல்லியேக்கா” என்றாள்.

* எங்கள் சித்திரையை அறியாதவர்களுக்கு: ஆடுகளே நிழலுக்குச் சண்டை போடும் மாதம்.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேலேயே சந்தேகம். ஆடு வளர்க்கிறவளுக்குச் சித்திரையில் புல் முளைக்காது என்று தெரியாதா? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே அவளிடம் கேட்டேன்.

“தெரியும்ணா. ஆனா அந்த மாசத்துல நாம என்னிக்கு ஆட்ட வெளிய நிறுத்திப் பாத்தோம்? ஆடு தின்றதாலதான் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அச்சிலோ திரையிலோ வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன்தான் நானும்.

5

முதல் முடிவு: சரிவில் உட்கார்ந்து கெங்கம்மாள் அழுதாள், வானம் அவளோடு...

“என்னிய எதுக்கு அழ வெக்கிறே? நான் அழுததப் பாத்தியா?”

நீக்கியாயிற்று.

இரண்டாம் முடிவு: வீரபத்திரன் மனம் இளகி, “போவட்டும் உடு, காசு வேணாம்” என்றார். இது எனக்கே பிடித்திருந்தது. ஏரிக்கரையில் சோற்று வேளையில் வாசித்தேன். அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“தள்ளுபடி பண்ண பாவா யாரு?”

“கதைக்கு நல்லாருக்கும்மா.”

“உன் கதைக்கு நல்லாருக்கும். நாளைக்கு மறுபடியும் சரிவ மூடணும்னு நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு கேப்பேன்? கடன தள்ளுபடி பண்ணவன், அப்பால என் வாக்க மதிப்பானா?”

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

6

மறு வருஷம் ஆனி. ஏரிக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் போனாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

வீரபத்திரன் எண்ணினார். நூறு ரூபாயை மட்டும் திருப்பி நீட்டினார். “வெச்சிக்க. உங்க அக்கா என்னிய திட்டுவா.”

“முழுசா வாங்கிக்க பாவா. தீந்துச்சுன்னு இவரு முன்னால சொல்லு.”

“தீந்துச்சு தாயே, தீந்துச்சு.”

“ஆங். இப்பக் கேட்டுக்க. ஆடி மொத மழைக்கு முன்ன பாதிய மூடறோம். கார்த்திகை வரிக்கும் ஒரு ஆடு உள்ள போவக் கூடாது.”

“இதுவும் தோத்தா?”

“மறுபடியும் தீவனக் காசு தர்றேன். தர்றவளா இல்லியான்னு இப்பத்தான பாத்தே?”

வீரபத்திரன் பணத்தை மடியில் செருகினார். சரிவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்...

அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. என்ன சொல்லியிருப்பார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் இடத்தில் நின்று, பசித்த மந்தையோடு, யோசித்துச் சொல்லுங்கள். கடனை மட்டும் திரும்ப எழுப்பாதீர்கள். அது என் கண் முன்னால் தீர்ந்தது.

கெங்கம்மாளும் அந்தப் பதிலுக்காக நிற்கவில்லை. கொடுவாளை எடுத்துக்கொண்டு முள் வெட்டப் போய்விட்டாள்.