சுபாஸ்ரீயின் நம்பருக்கு வந்த கோடு

காலையில் எழுந்து கனவை எழுதி முடிக்கும்வரை நான் யாரிடமும் பேசமாட்டேன். வாயைத் திறந்தால் கனவு ஓடிவிடும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி இதற்காக மந்திரிக்க ஆள் தேடினார். இப்போது பழகிவிட்டது. நான் போனைக் கையில் எடுத்ததும், சத்தமில்லாமல் பல் விளக்கிவிட்டு வாழைத்தோப்புக்குக் கிளம்பிவிடுவார்.

எழுதுவது மின்னஞ்சலில். மேலே சுபாஸ்ரீயின் முகவரியைப் போட்டு, கண்ட கனவை அப்படியே எழுதி, அனுப்பாமல் விட்டுவிடுவேன். அது வரைவுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்பது வருஷத்தில் நானூற்றுச் சொச்சம் கனவுகள் சேர்ந்திருந்தன. வைகை அணை வற்றிப்போய், அடியில் எங்கள் பள்ளிக்கூடம் ஈரத்தோடு நின்ற கனவு. ஆண்டிபட்டிக் காற்றாலைகள் எல்லாம் ஒருநாள் சுற்றுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்த கனவு. மேகமலைத் தேயிலைச் செடிகள் வரிசையாக இறங்கிவந்து சின்னமனூர் வாய்க்காலில் கால் நனைத்த கனவு. எல்லாக் கனவிலும் சுபா இருப்பாள். பகலில் அவள் பேரை யாராவது எடுத்தால் எனக்குக் கோபம் வரும், அது வேறு விஷயம்.

சுபாவின் அப்பா சின்னமனூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. மதுரையில் அறை எடுத்து, அரசுத் தேர்வுக்குப் படித்து, இரண்டு பேரும் வேலைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தோம். திடீரென்று அவளுக்குக் கேரளாவில், குமுளிக்கு அப்பால் கட்டப்பனையில் மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்து, போகாதே என்றேன். அவள் என் கையை உதறிவிட்டு, "நீ கனவு கண்டுக்கிட்டே இரு, எனக்கு பஸ் வந்துருச்சு" என்று சொல்லிக் குமுளி பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

அன்று ஆடிச் சாரல். மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. மூன்று நாளைக்குப் பிறகு நல்ல கனவொன்று, நுனியிலிருந்து அடிவரை முழுதாக, கண்ணுக்குள் நின்றது. போனில் மின்னஞ்சலைத் திறந்தேன். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாம் முறை அடித்தபோது, இரண்டு நாளைக்கு முன்னால் அது மாற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னது. சாதாரணக் காலையாக இருந்தால் கத்தியிருப்பேன். கனவு வாய்க்குள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் கூடப் படித்த ஜக்கம்மாவிடமிருந்து செய்தி வந்தது. 'ஏண்டி, போட்டோ பாருன்னு என்னத்தையோ மெயில்ல அனுப்பியிருக்க? அமுக்குனேன், போனே நின்னு போச்சு.' நான் யாருக்கும் போட்டோ அனுப்பவில்லை. எவனோ என் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு என் பேரில் ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. போட்டோவும் போகட்டும், பில்லும் போகட்டும். என் கனவுகள் அங்கே இருக்கின்றன. காகிதத்தில் ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை.

கடைவீதியில் கிங்ஸ்லி அண்ணனின் இன்டர்நெட் சென்டருக்கு ஓடினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததே அவர்தான். அவருடைய மேசையில் கிடந்த சீட்டில், 'என் மெயிலை எவனோ பிடிச்சுக்கிட்டான்' என்று எழுதிக் காட்டினேன்.

"என்ன தாயி, தொண்டை கட்டிருச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் இஞ்சி, மிளகு, கஷாயம் என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிஷம் பொறுத்தேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான்.

"அண்ணே, தொண்டை நல்லாத்தான் இருக்கு. முதல்ல மெயிலைப் பாருங்க!"

பேசிவிட்டேன். கனவின் ஓரம் ஒன்று கரைவது எனக்கே தெரிந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டினார். "கடவுச்சொல் மறந்துபோச்சுன்னு குடுத்தா, ஒரு போனுக்கு ஆறு எண்ணுல கோடு அனுப்புறேங்குது. கடைசி ரெண்டு எண் நாப்பத்தேழு. உன் நம்பரா?"

என் நம்பர் இல்லை. பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. கணக்குத் திறந்தபோது என்னிடம் போன் கிடையாது. பொம்பளைப் பிள்ளைக்கு போன் எதற்கு, கல்யாணமானதும் புருஷன் வாங்கிக் கொடுப்பான் என்பது எங்கள் அப்பாவின் சட்டம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதே சட்டம்தான். சுபாவுக்கு மட்டும் கடையில் பழைய போன் ஒன்று கொடுத்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு அதுதான் போன். அந்த நம்பரைத்தான் கிங்ஸ்லி அண்ணன் அன்றைக்கு என் கணக்கிலும் ஏற்றினார். பிறகு எனக்குப் போன் வந்தது, புருஷன் வந்தார், நான் அதை மாற்றவே இல்லை.

"திருடன் இந்நேரம் தன் நம்பரை ஏத்தியிருப்பான்" என்றார் அவர். "ஆனா மாத்தி ஏழு நாள் வரைக்கும் பழைய நம்பருக்கும் கோடு வரும். இன்னைக்கு மூணாவது நாளு. அந்த நம்பர்க்காரவுக உசுரோட இருக்காகளா?"

"இருக்கா."

"அப்புறமென்ன, கூப்பிடு."

கூப்பிடு என்று சொல்வது சுலபம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். சாரலில் தெரு, பஸ், வாழைத்தார் ஏற்றிய லாரி எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவாகப் போயின. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஒன்பது வருஷம் கழித்துக் கூப்பிடுவது ஒரு கோடு கேட்கவா? ஆனால் கூப்பிடாவிட்டால் நானூறு கனவும் போய்விடும். அந்த நம்பரை நான் எதிலும் சேமித்து வைத்ததில்லை. விரல் தானாக அடித்தது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சுபா, நான் பவானி."

"தெரியுது." குரல் மாறவே இல்லை. "இப்ப என்ன, இன்னொரு கோடு வேணுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னொரு கோடா?"

"முந்தாநாள் புது நம்பர்லேர்ந்து செய்தி போட்டியே. 'சுபா, எப்படி இருக்க? நான் பவானி. உன் போனுக்கு ஒரு கோடு வரும், அனுப்பு'ன்னு. அனுப்புனேன்ல?"

"நான் போடலடி."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வாரம் பள்ளிக்கூடக் குழுவில் பழைய மாணவிகள் சந்திப்பு என்று ஒரு படிவம் வந்தது. பேர், மின்னஞ்சல், உயிர்த்தோழியின் பேர், பள்ளிக்கூட நாளில் அவள் வைத்திருந்த போன் நம்பர். நான் யோசிக்கவே இல்லை. நாப்பத்தேழில் முடியும் நம்பரையும், சுபாஸ்ரீ என்ற பேரையும் எழுதி அனுப்பிவிட்டேன். திருடனுக்கு வேறு என்ன வேண்டும்?

அதைச் சொன்னேன்.

"உயிர்த்தோழின்னு என் பேரையா போட்ட?"

"வேற எவ பேரைப் போடுறது?" என்றேன் எரிச்சலாக.

"பவானி, நான் கோடு மட்டும் அனுப்பலடி. பெரிய செய்தியா எழுதுனேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் பட்டது, நினைச்சது, எல்லாத்தையும். ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுதுனேன். அதுக்கு ஓகேன்னு ஒரு பதில் வந்துச்சு. வெறும் ஓகே. முந்தாநாள்லேர்ந்து சோறு இறங்கல எனக்கு."

நான் ஒன்பது வருஷமாகக் கேட்காத ஒரு கேள்வியை, எப்படி இருக்க என்பதை, எவனோ ஒரு களவாணி கேட்டுவிட்டான். அவள் எனக்கு எழுதிய பதிலையும் அவனே படித்துவிட்டு ஓகே போட்டிருக்கிறான். அவன் கையில் கிடைத்திருந்தால் கன்னத்தைப் பழுக்க வைத்திருப்பேன்.

"என்னடி எழுதியிருந்த?"

"ஓகே போட்டவன்கிட்டயே கேளு" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

கிங்ஸ்லி அண்ணன் கோடு அனுப்பச் சொல்லி அமுக்கிவிட்டு, என்னிடம் விரலை ஆட்டினார். கோடு பத்து நிமிஷம்தான் செல்லும். சுபாவின் போன் சிணுங்கியது எனக்கே கேட்டது.

"வந்துருச்சு" என்றாள். "ஆனா ஒரு தடவ ஏமாந்துட்டேன். குரலைக்கூட இப்ப போலியாப் பண்றாகளாம். நீ பவானிதான்னு நான் எப்படி நம்புறது? அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் என்ன சொன்னேன், சொல்லு."

"நீ கனவு கண்டுக்கிட்டே இரு, எனக்கு பஸ் வந்துருச்சு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஆறு எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அண்ணன் அடித்தார். கணக்கு திறந்தது.

வரைவுப் பெட்டியைத் தொட்டேன். காலியாக இருந்தது. அனுப்பியவை, வந்தவை, முகவரிகள், எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தான். நான் யாரையும் எச்சரிக்கக் கூடாது என்று இப்படிச் செய்வார்களாம். குப்பைக்கூடையில் பழைய கடிதங்கள் கொஞ்சம் கிடந்தன. வரைவுகள் கூடைக்குக்கூடப் போகாமல் நேராக அழிந்துவிடும் என்றார் அண்ணன். அணை, பள்ளிக்கூடம், வாய்க்காலில் கால் நனைத்த தேயிலை, ஒன்றும் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

அவர் அதைக் கண்டுகொள்ளாதவர் போல வேலையைப் பார்த்தார். திருடனின் நம்பரைத் தூக்கினார். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றினார். பேரும் பிறந்த வருஷமும் வேண்டாம் என்று திட்டி, என்னையே நீளமான கடவுச்சொல் ஒன்றை அடிக்க வைத்தார். இனி யார் நுழைந்தாலும் என் போனும் சம்மதிக்க வேண்டும் என்று இரண்டாம் பூட்டும் போட்டார்.

"கோடு கேட்டு நானே வந்தாலும் குடுக்காத தாயி. இப்ப அந்தப் பழைய நம்பரை எடுத்துருவோமா? அடுத்தவுக நம்பர் இங்கன இருக்கக் கூடாது."

போன் இன்னும் காதில் இருந்தது.

"எடுக்கச் சொல்லு" என்றாள் சுபா.

"கேரளா போயும் இந்த நம்பரை ஏண்டி வச்சிருக்க?"

"உனக்கு வேற நம்பர் தெரியாதுல்ல. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணி வச்சிருக்கேன். என் வீட்டுக்காரரு எதுக்கு எதுக்குன்னு கேப்பாக. இனிமே கோடு கேட்டுக் கூப்பிடாத பவானி. சும்மா கூப்பிடு."

நான் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் அந்த நம்பரை எடுத்தார்.

"அந்த மெயில்ல அப்படி என்னதாண்டி இருந்துச்சு, இந்த அழுகை அழுற?" என்று கேட்டாள் சுபா.

"உனக்கு எழுதுனது. எல்லாம் கனவு. ஒண்ணுகூட இல்ல, போச்சு."

"ஒண்ணாவது ஞாபகம் இல்லையா?"

கண்ணை மூடிப் பார்த்தேன். காலையிலிருந்து இவ்வளவு பேசியும், கத்தியும், அழுதும், ஓரம் மட்டுமே கரைந்திருந்தது. நடுப்பாகம் அப்படியே இருந்தது.

"குமுளி பஸ் பின்பக்கமா உருண்டு வருதுடி. டிரைவர் இல்ல. மலையெல்லாம் இறங்கி, கம்பம், உத்தமபாளையம் எல்லாம் தாண்டி, நம்ம பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்குது. உள்ள நீ மட்டும் உக்காந்திருக்க."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. பக்கத்து சீட்டுல கர்ச்சீப் போட்டு எனக்கு இடம் பிடிச்சு வச்சிருந்த."