ஆறாம் டேங்கில் ஊற்றிய கழிவெண்ணெய்

மருந்துத் தொழிற்சாலையின் பாராட்டு விழாவில் கைதட்டல் எழுந்தபோது அவளுக்கு முள்ளின் மேல் நிற்பது போல இருந்தது. எண்ணெய் ஆலைக் கழிவை ஊற்றி ஆன்டிபயாடிக் உற்பத்தியைக் கால்பங்கு கூட்டிக் காட்டிய ஷிப்ட் இன்சார்ஜ் என்று மேலாளர் புகழ்ந்துகொண்டே போனார். முதலில் ஊற்றியது அவள் அல்ல, அவளுடைய அக்கா புருஷன். அதற்காக அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்த புண்ணியவதிதான் அவள்.

நடந்தது ஆறு மாதத்துக்கு முன். மருந்து சுரக்கும் பூஞ்சை வளர்கிற ஆறாம் டேங்கில் நுரை பொங்கி, உள்ளே பார்க்கும் கண்ணாடியையே மறைத்துவிட்டது. நுரையை அடக்க ஊற்றும் சுத்த எண்ணெய் தீர்ந்திருந்தது. ஆபரேட்டரான மாமா, கொதிகலனில் எரிக்க எண்ணெய் ஆலையிலிருந்து வந்திருந்த பழுப்புக் கழிவெண்ணெய்ப் பீப்பாயை உருட்டி வந்தார். முறைப்படி நீராவியில் கிருமி போகக் காய்ச்சி ஊற்றினார். நுரை படுத்தது.

"எண்ணெய்னா எண்ணெய்தானே" என்றார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அதைவிடப் பயம், சொந்தக்காரர் என்று விட்டுவிட்டாள் எனப் பேர் வந்துவிடுமோ என்று. விதி மீறி டேங்கைக் கெடுத்தார் என்று மட்டும் அன்றைக்கே அறிக்கை போனது. மறுநாள் அவர் வேலையில் இல்லை.

நான்காம் நாள் லேப் முடிவு அவள் கைக்கு வந்தது. கெட்டுப்போயிருக்க வேண்டிய டேங்கில் மருந்து கால்பங்கு அதிகம். கழிவில் மிஞ்சிய கொழுப்பைப் பூஞ்சை விருந்தாகத் தின்று தீர்த்திருந்தது. இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டாள். இரண்டாம் தடவையும் பலித்தது. மூன்றாம் தடவை, கழிவெண்ணெய் தன் யோசனை என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். பொய்யைத் தவணையில் சொன்னால் உறுத்தலும் தவணையில்தான் வரும் போலிருக்கிறது.

விழா முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள். இப்போது ஓர் அலுவலக வாசலில் காவல் வேலை பார்க்கும் மாமா, சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. ஏன் மூஞ்சி தொங்கிக் கெடக்கு?" நாற்பது வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். "நாளைக்கே மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லிடுறேன் மாமா."

ஊசி நின்றது. "அப்போ அந்த டேங்க் கெட்டுப்போகலையா?"

"இல்ல மாமா."

"சாக்கடையில கொட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன். போன மாசம் எதிர்வீட்டுக் கொழந்தைக்குக் காய்ச்சல். மருந்து ஸ்டாக் இல்லன்னு கடை கடையா அலைஞ்சாங்க. நான் கெடுத்த மருந்தோன்னு அவங்க முன்னாடி தலைகாட்டல."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைத் திட்டிடுங்க மாமா."

"வேலை போனா இன்னொரு வேலை. வாராவாரம் இங்க வந்து சாப்பிட்டுப் போனியே பாப்பா. கெட்டுப்போகலங்கற ஒரு வார்த்தைய மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."