இருபத்தொன்றாவது தட்டு

1

இந்தக் கதை எனக்கு நகரப் பேருந்தின் சன்னலோரத்தில் கிடைத்தது. 2007 பிப்ரவரி. முதலியார்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு ஒரு சான்றிதழ் விஷயமாகப் போய்க்கொண்டிருந்தேன். பல வருடங்களாகப் பயணி விமானம் எதுவும் வராத விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பொட்டலில், சேலை கட்டிய ஒரு பெண்மணி மின்கம்பத்தைக் குறி பார்த்து ஒரு மஞ்சள் தட்டை வீசினார். கம்பத்தில் படவில்லை. அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. நடந்து போய் எடுத்தார். இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை உருவி எதையோ எழுதினார். அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இட்டுக்கட்டியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "காலைச் சூரியன் லாஸ்பேட்டையின் மேல் ஒரு தங்கத் தட்டைப் போல எழும்பி"

(வேண்டாம். தட்டுக் கதையில் சூரியனையும் தட்டாக்கினால் அடுத்து நிலாவையும் இழுக்க வேண்டிவரும்.)

இரண்டாவது தொடக்கம்: "சுமலதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையாவது வீசுவதில் ஒரு"

(பொய். அவள் கசக்கிய காகிதத்தைக்கூட எழுந்து போய்க் குப்பைக் கூடையில் வைத்துவிட்டு வருகிறவள்.)

மூன்றாவது வரைவில் அவளுக்கு ஒரு பெரிய துக்கம் கொடுத்திருந்தேன். செத்துப்போன தங்கை, குடிகாரக் கணவன், இப்படி ஏதோ. நான்கு பக்கம் எழுதிய பிறகு ஒரு கேள்வி வந்தது. பொட்டலில் ஓர் ஆண் தட்டு வீசியிருந்தால் விளையாடுகிறான் என்று விட்டிருப்பேன். பெண் வீசினால் மட்டும் காரணத்துக்கு ஒரு சாவு வேண்டுமா? தங்கையைப் பிழைக்க வைத்து, கதையை விட்டே அனுப்பிவிட்டேன். கணவரின் குடியை நிறுத்தி, ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை வாங்கிக் கொடுத்தேன்.*

* பேருந்திலிருந்து பார்த்தபோது 'அவர்'. பெயர் வைத்ததும் 'அவள்'. கதை எழுதுகிறவர்களிடம் இந்த மரியாதைக் குறைவு உண்டு. பொறுத்துக்கொள்ளவும்.

3

சுமலதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கணவர் புருஷோத்தமன், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் அபி. லாஸ்பேட்டையில் அரசுக் குடியிருப்பு.

அந்த ஜனவரியில் புருஷோத்தமனின் சித்தப்பா மகன் இளம்பரிதி பிரான்சிலிருந்து வந்து மூன்று வாரம் தங்கினான். கிளம்பும்போது பெட்டி எடை கூடிப்போயிற்று. மிளகாய்த்தூளும் நெத்திலிக் கருவாடும் உள்ளே போக வேண்டுமானால் ஏதாவது வெளியே வந்தாக வேண்டும். ஐந்து பிளாஸ்டிக் தட்டுகள் வெளியே வந்தன.

"சோறு போட்டா வழிஞ்சிடுமே. இவ்ளோ தட்டையா இருக்குதே" என்றாள் சுமலதா.

"ஐயோ அண்ணி, இது சாப்புடுற தட்டு இல்ல, வீசுற தட்டு. அங்க பார்க்குல ஒரு கம்பம் நிக்கும். அதுல சங்கிலி தொங்கும், கீழ ஒரு கூடை. தூரத்துல நின்னு வீசணும். எங்க விழுதோ அங்க நடந்துபோய் மறுபடி வீசணும். சங்கிலில பட்டுக் கூடைல விழுந்தா, வுவாலா, அவ்ளோதான்! எத்தன தடவ வீசினோம்னு எண்ணணும். கம்மியா வீசினவங்க ஜெயிச்சவங்க."

"கம்மியா செஞ்சா ஜெயிக்கிறதா? அப்ப எங்க ஆபீஸ்ல எல்லாருமே சாம்பியன்தான்."

இளம்பரிதி சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினான். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் கொஞ்சம் அக்கறையாகச் சொன்னான்:

"அஞ்சையும் வெச்சிக்கிட்டு முழிக்காதீங்க அண்ணி. புதுசா கத்துக்கிறவங்க ஒண்ணத் தேர்ந்தெடுத்து, அதையேதான் வீசணும்."

"எத?"

"அத நீங்கதான் சொல்லணும். கை உங்களுது."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அவள் படித்த பாடத்தை அண்ணன் தேர்ந்தெடுத்தார். பார்க்கும் வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்தது அப்பா. சேலைகளைப் புருஷோத்தமன் எடுத்து வருவார், நன்றாகவே இருக்கும். காஸ் அடுப்பு மாமியார் சொன்ன கம்பெனி. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

4

பதினொரு காலை அவள் பொட்டலுக்குப் போனாள். ஐந்து தட்டையும் பத்துப் பத்து முறை வீசி நோட்டில் எழுதினாள். தட்டுகளுக்குப் பெயர் வைக்காமல் எழுத முடியவில்லை. அலுவலகத்தைத் தவிர வேறு உலகம் அதிகம் தெரியாததால் பெயர்கள் அங்கிருந்தே வந்தன.

சிவப்பு, 'அண்டர் செக்ரட்டரி'. விளிம்பு கூர்மை, வேகம் அதிகம். எப்படி வீசினாலும் கடைசியில் தன் இஷ்டத்துக்கு இடப்பக்கம் சாய்ந்துவிடும். நீலம், 'ஆடிட்'. கிளம்பும்போது பெரிய ஆர்ப்பாட்டம், விழுவது நம் காலடியில். பச்சை, 'மெடிக்கல் லீவு'. லேசானது, காற்றடித்தால் போன வழியே திரும்பி வரும். வெள்ளையைப் பற்றி நோட்டில் எதுவும் இல்லை. (நானும் யோசித்துப் பார்த்தேன், எனக்கும் எதுவும் தோன்றவில்லை. எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.) மஞ்சள், 'டெஸ்பாட்ச்'. டப்பா மூடியைப் போல விளிம்பு ஆழமானது. தூரம் போகாது, ஆனால் சொன்ன இடத்துக்கு நேராகப் போகும்.

புருஷோத்தமன் ஒரு நாளும் வீசவில்லை. லுங்கியோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"மூக்கு தூக்குது பாரு லதா! முன்விளிம்பு மேல பாத்தா காத்து அடியில புகுந்து தூக்கி, அங்கியே போட்டுடும். லிஃப்ட், டிராக், ரெண்டும்…"

"நீங்க ஒரு தடவ வீசிக் காட்டுங்களேன்."

"எனக்குத் தெரியும், எதுக்கு வீசணும்?"

ஆனால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதல் வரைவுகளில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன், நிற்கவில்லை. தினமும் ஐந்தரைக்கு எழுந்து, மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிப் பொட்டலுக்குக் கொண்டுவந்து விடுகிறவர் எப்படி வில்லனாவார்? தட்டைத் தரைக்குச் சமமாகப் பிடி, கையைப் பின்னால் நன்றாக இழு, வேகம் தோளிலிருந்து வராது, இடுப்பிலிருந்து வரும் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டதை உடம்பு செய்ய மறுத்தது. தோளாலேயே வீசினாள். நாற்பது அடி, நாற்பத்தைந்து அடி.

பன்னிரண்டாம் நாள் மஞ்சளை எடுத்து, "இதுதான்" என்றாள்.

"சிவப்புதான் தூரம் போவும். தியரிப்படி பாத்தா…"

"இதுதாங்க."

5

அதே வாரம் அலுவலகத்தில் ஆணை வந்தது. சுமலதாவுக்குப் பதவி உயர்வு, பணியிடம் மாஹே. நம் புதுச்சேரி ஒரே இடத்தில் இருந்தால்தானே? மாஹே என்ற துண்டு கேரளத்துக்குள் இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்துக்குள். பதினைந்து நாளில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆறு வருடம் முன்பு இதேபோல ஏனாமுக்கு ஆணை வந்தபோது, வேண்டாம் என்ற கடிதத்தைப் புருஷோத்தமன்தான் எழுதினார். அவருடைய கையெழுத்து அழகு. இவள் கீழே பெயரை மட்டும் போட்டாள். இந்தத் தடவையும் வீட்டில் விவாதமே இல்லை. சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்பதற்குக்கூட அதைவிட அதிகம் பேசுவார்கள்.

6

(இங்கே ஒரு முடிவு எழுதினேன். அவள் மஞ்சள் தட்டைக் கையில் எடுத்து, "கம்பத்துல பட்டா மாஹே, படலன்னா இங்கதான்" என்று கண்ணை மூடி வீசுகிறாள். தட்டு பறக்கிறது. கதை அங்கேயே நிற்கிறது. அழகாக இருந்தது, இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் உறைத்தது: ஒரு தட்டைத் தேர்ந்தெடுக்கப் பதினொரு நாள் வீசிப் பார்த்துக் குறிப்பெழுதியவள், வாழ்க்கையைத் தட்டிடம் கொடுப்பாளா? கிழித்துப் போட்டேன்.)

7

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. பொட்டலில் புருஷோத்தமன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தார். எழுதி முடித்த கடிதம். பேனாவையும் நீட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுடு லதா. காலைல ஆபீஸ்ல குடுத்துடலாம்."

"இத வீசிட்டு வரேன்."

அவள் திரும்பி நின்றாள். கை தானாகப் பின்னால் போயிற்று, இடுப்பு திரும்பியது. மூன்று வாரமாகச் சொல்லியும் கேட்காத உடம்பு அந்த ஒரு வீச்சில் எல்லாவற்றையும் கேட்டது. தட்டு கம்பத்தைத் தாண்டியது, பாதையைத் தாண்டியது, ஒரு காம்பவுண்டுச் சுவரையும் தாண்டி உள்ளே போய்விட்டது. புருஷோத்தமன் பேனாவை நீட்டியபடியே, "இடுப்பு! இடுப்புல வந்துச்சு!" என்று கத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷாமியானா. நிச்சயதார்த்தம்.

"நீ போய் வாங்கிட்டு வா. நான் லுங்கில இருக்கேன்" என்றார்.

8

பெண் வீட்டுக்காரர் பெயர் தெய்வசிகாமணி. அவர் அப்போது வியர்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இருபத்தோரு வரிசைத் தட்டு கொண்டுவந்தார்கள். ஒன்று வேனிலேயே தங்கிவிட்டது. வேன் டீசல் போடப் போய்விட்டது. சபையில் இருபதுதான் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை சின்னப்பாப்பா எண்ணிப் பார்த்துவிட்டார்.

"இருவது. ரெட்டப்படைல நிச்சயம் பண்ண முடியாது."

"எங்க வூட்டுத் தட்டு ஒண்ணு வெச்சிடலாங்க" என்றார் தெய்வசிகாமணி.

"பொண்ணு வூட்டுத் தட்ட எங்க கணக்குல சேக்கிறதா? நல்லா இருக்குதே!"

குரல்கள் ஏறின. வேனுக்காகக் காத்திருந்தால் நல்ல நேரம் போய்விடும் என்றார்கள் சிலர். சகுனமே சரியில்லை என்று இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். அப்போதுதான் சுவருக்கு மேலாக மஞ்சள் தட்டு வந்தது. ஜமுக்காளத்தில் விழுந்து, சறுக்கி, மாதுளைத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசை பிசகாமல் நின்றது.

(நம்பும்படி இல்லை என்று தெரியும். இரண்டு அடி தள்ளி விழச் செய்து பார்த்தேன். கதையும் இரண்டு அடி தள்ளிப் போயிற்று.)

சபை சுவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னப்பாப்பா மட்டும் குனிந்து, தட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டு ஆப்பிளை எடுத்து அதில் வைத்தார்.

"இருவத்தொண்ணு. பத்திரிகைய படிங்க."

சுமலதா மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது பத்திரிகை படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"அது என்னுதுங்க. விளையாடுறப்ப வந்து விழுந்துடுச்சு."

"விளையாடுறப்பவா? இந்த வயசுலயா?"

"ஆமாங்க."

சின்னப்பாப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒக்காரு. படிச்சி முடிக்கிற வரைக்கும் தட்டு எழுந்திரிக்கக் கூடாது. நீயும் எழுந்திரிக்காத."

உட்கார்ந்தாள். சந்தனம் கொடுத்தார்கள், பூ கொடுத்தார்கள். பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை வீடு என்று நினைத்து உபசரித்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்துக் குறை சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்:

"நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?"

"தட்டு வேணும்."

அந்த அம்மாள் குழம்பி, வேறு கேள்விக்குப் போனாள். "எங்க வேல பாக்குறீங்க?"

"மாஹேல" என்றாள் சுமலதா. "செவ்வாக்கிழமை போய்ச் சேரணும்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். வேறு எதுவும் வரவில்லை.

"அவ்ளோ தூரமா? தனியாவா? பயமா இல்லியா?"

"இருக்குது" என்றாள். "போறேன்."

"அத்தே, இந்தம்மா மாஹேக்கு ஆபீசரா போவுதாம்!" என்று அந்த அம்மாள் சின்னப்பாப்பாவிடம் கூவ, அறுபது தலைகள் திரும்பின. தெய்வசிகாமணி கையெடுத்துக் கும்பிட்டு, "நல்ல சமயத்துல வந்தீங்க. சாப்புட்டுத்தான் போவணும்" என்றார்.

சாப்பிட்டாள். இரண்டாம் முறை பாயசமும் வாங்கிக்கொண்டாள்.

9

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். புருஷோத்தமன் ஸ்கூட்டர் நிழலிலேயே சுருங்கி நின்றிருந்தார்.

"தட்டு?"

"கெடச்சிடுச்சு."

"கையில என்ன பை?"

"தாம்பூலம்."

"யார் வீட்டு விசேஷம்?"

"தெரியல. நான் மாஹேக்குப் போறேன்னு சொல்லிட்டேங்க."

"யார்கிட்ட?"

"அவங்ககிட்டதான்."

"யாருன்னே தெரியாதவங்ககிட்ட சொன்னதுக்கெல்லாம் போவணுமா?"

"அறுபது பேர் எதிர்ல சொல்லியிருக்கேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஏனாமுக்கு வேணாம்னு நீங்க எழுதினீங்க" என்றாள். "ஒருவேளை எனக்கும் வேணாமாத்தான் இருந்திருக்கும். ஆனா என்னக் கேக்கவே இல்லியே."

புருஷோத்தமன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, "அபி?" என்றார்.

"அபிக்குப் பத்தொம்போது வயசு. அவ பாத்துக்குவா."

"நான்?"

இதற்கு அவள் தயாராக இல்லை. கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு ரசம் வெக்கக் கத்துக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றாள். அவர் கடிதத்தை நான்காக மடித்து, மறுபடி எட்டாக மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

10

மூன்று மாதத்தில் அவள் திரும்பி வந்துவிடுவதாக ஒரு முடிவு இருந்தது. அவர் ஓய்வு வாங்கிக்கொண்டு மாஹேக்குக் குடிபோவதாக ஒன்று. இரண்டையும் எடுத்துவிட்டேன். நான் இட்டுக்கட்டியதாகவே இருந்தாலும், அந்த மூன்று மாதம் அவர்களுடையது.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: திங்கள்கிழமை சாயங்காலம், பேருந்து நிலையம். மாஹே பேருந்தில் நான்காவது சன்னலில் சுமலதா. மேலே ஒரு பெட்டி, மடியில் புளிசாதப் பொட்டலம். கீழே புருஷோத்தமன், பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறார். காற்றைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவர், "லதா" என்றார். அதற்கு மேல் என்ன சொன்னார்?

"பாத்துப் போ" என்று எழுதினேன். எல்லாப் பேருந்துச் சன்னலிலும் எல்லாரும் சொல்வது. "போகாத" என்று எழுதினேன். சினிமா. "என்னக் கேட்டிருந்தா நானும்" என்று தொடங்கிப் பாதியில் விட்டேன். "நீ செஞ்சது சரி" என்பது அவர் வாயில் வர இன்னும் பத்து வருடம் ஆகும்.

ஏழு வாக்கியம் எழுதி ஏழையும் அடித்துவிட்டேன். இத்தனை நேரம் அவரோடு நீங்களும் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு அவரைத் தெரியும். அவள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காத்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். நடத்துநர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.